வெள்ளி என்ற பெயரும் கிட்டங்கிக் கணக்கும்

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் டாலர் என்ற சொல் குறைவு. தேக்கா சந்தையில் கீரை வாங்கினாலும், தங்கக்கடையில் சங்கிலி வாங்கினாலும் அவர்கள் கொடுப்பது வெள்ளிதான். நாளிதழ் விளம்பரத்திலும் வெள்ளிதான். கையில் இருப்பதோ தாள் நோட்டு. அதில் குண்டுமணி அளவுகூட வெள்ளி கிடையாது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

ஒரு காலத்தில் அது உண்மையாகவே வெள்ளியாக இருந்தது என்பதுதான் பதில். அந்த உலோகத்தின் விலை ஏறி இறங்கியபோது, இங்கே சம்பாதித்து ஊரில் குடும்பம் நடத்திய ஒவ்வொருவரின் கணக்கும் ஏறி இறங்கியது. இன்று பன்னாட்டு நிறுவனங்கள் பெரிய பெரிய அலுவலகங்களில் நிபுணர்களை அமர்த்திச் சமாளிக்கிற நாணய மாற்று ஆபத்தை, நம்மவர்கள் ஒரு பாயிலும் ஒரு மரப்பெட்டியிலும் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அதில் வென்றவர்களும் உண்டு, விழுந்தவர்களும் உண்டு.

பாயும் பெட்டியும்

1819இல் ராஃபிள்ஸ் இறங்கிய சில ஆண்டுகளிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்கள். சிங்கப்பூர் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டைச் செட்டித் தெரு என்றே மக்கள் அழைத்தார்கள். அங்கே நீளமான கூடங்கள் இருந்தன. அவற்றுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கிட்டங்கியில் பல கடைகள். கடை என்றால் கண்ணாடி அலமாரி அல்ல. ஒரு பாய், ஒரு பெட்டி, கணக்குப் புத்தகங்கள், அவ்வளவுதான். பெட்டியடியில் இருக்கும் பையன் முதல், அடுத்தாள், மேலாள் வரை ஒரு வரிசை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் தாண்டி வந்து தொழிலை நடத்திக் கணக்கு ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியவர்கள் இவர்கள்தான்.

தலைமையகம் ஒரு நாட்டில், கிளை இன்னொரு நாட்டில், லாபம் வேறொரு நாணயத்தில். பன்னாட்டு நிறுவனத்துக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று ஒரே விலாசத்தின் கீழ்க் கிளைகள் இயங்கின.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பர்மாவில் ஓடியது இந்திய ரூபாய். இலங்கையிலும் ரூபாய்தான். செட்டிநாட்டிலிருந்து அங்கே போன பணம் நாணயம் மாறாமல் போய், நாணயம் மாறாமல் திரும்பியது. சிங்கப்பூரும் மலாயாவும் அப்படியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1855இல் இங்கேயும் ரூபாயைத் திணிக்கப் பார்த்தது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஸ்பெயின், மெக்சிகோ நாடுகளின் வெள்ளி நாணயங்களில்தான் இந்த வட்டார வணிகம் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. 1867 ஏப்ரல் முதல் தேதி நீரிணைக் குடியேற்றம் நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தபோது ரூபாய் விடைபெற்றது, வெள்ளி டாலர் சட்டபூர்வமானது. தமிழரின் வாயில் அது வெள்ளி ஆயிற்று.

வெள்ளி விலை சரிந்தது

தொடக்கத்தில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ரூபாயும் வெள்ளி நாணயம், டாலரும் வெள்ளி நாணயம். ஒரு மெக்சிகோ டாலரில் இருந்த வெள்ளி, ஏறத்தாழ இரண்டேகால் ரூபாயில் இருந்த வெள்ளிக்குச் சமம். விலை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன.

1870களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தது. 1870களின் தொடக்கத்தில் நான்கு ஷில்லிங்குக்கு மேல் போன டாலர், 1902இல் இரண்டு ஷில்லிங்குக்கும் கீழே போய்விட்டது. லண்டனில் சரக்கு வாங்கிய வணிகர்கள் கையைப் பிசைந்தார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இடி விழுந்தது 1893க்குப் பிறகு. அந்த ஆண்டு இந்திய அரசு, தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தை நிறுத்தியது. அதோடு ரூபாய் வெள்ளி விலையிலிருந்து கழன்றுகொண்டது. சில ஆண்டுகளில் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற இடத்தில் நிலைத்தது. சிங்கப்பூர் டாலரோ வெள்ளியோடு சேர்ந்து சரிந்துகொண்டே போனது. 1902இன் இறுதியில் வெள்ளி விலை அடிமட்டத்தைத் தொட்டபோது, இரண்டேகால் ரூபாய் பெறுமானமுள்ள டாலர் ஒன்றேகால் ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது.

சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் செட்டிநாட்டில் இரண்டேகால் லட்சம் ரூபாய் கடன் வாங்கி, அதை ஒரு லட்சம் டாலராக மாற்றி, மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்கு விட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய யாரும் ஏமாற்றவில்லை. முதலும் வட்டியும் ஒழுங்காக வந்துவிட்டன. ஆனாலும் அந்த ஒரு லட்சம் டாலரை ரூபாயாக்கினால் முதலில் ஏறத்தாழ பாதி காணோம். தொழிலில் தவறு இல்லை, ஆளில் தவறு இல்லை. நாணயம் மட்டும் மாறியது. தோட்டத்தில் உழைத்து மாதம் சில வெள்ளி மிச்சம் பிடித்து மனைவி மக்களுக்கு அனுப்பிய தொழிலாளிக்கும் இதே கதிதான்.

பிறகு அரசு விழித்துக்கொண்டது. 1903இல் நீரிணைக் குடியேற்றத்துக்கென்று தனி டாலர் வந்தது. 1906 ஜனவரியில் அதன் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிறுத்தினார்கள். அதாவது 60 டாலருக்கு 7 பவுன். அன்று 15 ரூபாய் ஒரு பவுன். ஆகவே 100 டாலருக்கு 175 ரூபாய். அடிமட்டத்தில் பயந்து விற்றவர் இழந்தார். பொறுத்திருக்க முடிந்தவர் பிழைத்தார். ஆனால் பொறுத்திருக்க எல்லாராலும் முடியுமா? தவணைக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது யார் பொறுப்பது?

கிட்டங்கியின் காப்புகள்

அப்போது கணினி இல்லை, கைபேசி இல்லை. ஆனாலும் கிட்டங்கிக்காரர்கள் கையாண்ட வழிகளைப் பார்த்தால், இன்றைய மேலாண்மைக் கல்லூரிப் பாடங்கள் பலவும் அங்கே இருப்பது தெரியும்.

முதல் வழி, எந்த நாணயத்தில் கடன் கொடுக்கிறோமோ அதே நாணயத்தில் முதலைத் திரட்டுவது. ஊரிலிருந்து வந்த சொந்த முதல் ஒரு பகுதிதான். சார்ட்டர்டு பேங்க் போன்ற ஐரோப்பிய வங்கிகளிடம் டாலராகவே கடன் வாங்கினார்கள். மற்ற நகரத்தாரிடமும் இங்குள்ள வணிகர்களிடமும் தவணைப் பணம் வாங்கினார்கள். டாலரில் வாங்கி டாலரில் கொடுத்தால், டாலர் விழும்போது வரவேண்டியதும் விழும், கொடுக்க வேண்டியதும் விழும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். லாபம் மட்டும்தான் ஆபத்தில் நிற்கும். முதல் தப்பிக்கும்.

இரண்டாம் வழி உண்டியல். சிங்கப்பூரில் ஒருவர் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அதே நேரத்தில் செட்டிநாட்டில் இன்னொருவர் சிங்கப்பூரில் முதல் போட விரும்புகிறார். முதலாமவர் இங்கே டாலரைக் கட்டினால், இரண்டாமவர் அங்கே ரூபாயைக் கட்டுவார். பணம் கடலைத் தாண்டவே இல்லை. தாள் மட்டும் தாண்டியது. வரவும் செலவும் கழிந்து மிஞ்சுகிற தொகைக்குத்தான் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. கண்டதும் பணம் தரும் தரிசன உண்டியல் ஒன்று. இத்தனை நாள் கழித்துப் பணம் தரும் தவணை உண்டியல் இன்னொன்று. தவணை உண்டியல் எழுதும்போதே விலை முடிவாகிவிடும். நடுவில் சந்தை எங்கே போனாலும் அந்தத் தொகை மாறாது.

மூன்றாம் வழி காலம் பார்ப்பது. லாபத்தை உடனே ஊருக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர், விகிதம் சாதகமாகும்வரை அதை இங்கேயே வட்டிக்கு விடலாம். வீடு, மனை, ரப்பர் தோட்டம் என்று மாற்றியும் வைக்கலாம்.

நான்காம் வழி அமைப்பு. நகரத்தார் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். யார் விலாசம் வலுவானது, யார் தடுமாறுகிறார் என்ற செய்தி கிட்டங்கியில் ஒளிந்திருக்க முடியாது. இந்த அனுபவம்தான் ஒருநாள் வங்கியாக உருவெடுத்தது. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அந்நியச் செலாவணியும் வெளிநாட்டு வங்கித் தொழிலும்தான் அதன் நோக்கம். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பின்னர் சிங்கப்பூருக்கும் வந்தது. அதன் நிறுவனர் 1954 மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விமான விபத்தில்தான் உயிரிழந்தார்.

கணக்கில் வராத ஆபத்து

இவ்வளவு காப்பு இருந்தும் செட்டியார்களின் கடல்கடந்த செல்வத்தில் பெரும்பகுதி கரைந்தது எப்படி? நாணய விகிதத்தைக் கணக்குப் போடலாம். அரசுகளின் போக்கைக் கணக்குப் போட முடியாது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. வாழைமரப் படம் போட்ட நோட்டு வந்தது. கணக்கில்லாமல் அச்சடித்ததால் அது நாளுக்கு நாள் செல்லாக்காசானது. போருக்கு முன்பு நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள், வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொட்டிக் கணக்கு முடித்தார்கள். வாங்க மறுக்க எந்தக் கடைக்காரருக்குத் துணிவு வரும்? 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டு குப்பைக்குப் போனது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அடைத்த கடனை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு 1948இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பர்மாவில் நாணய ஆபத்தே இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அங்கேதான் இழப்பு மிகப் பெரியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபமும் அதே அளவுக்கு வளர்ந்தது. சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கியது. 1963, 64இல் வங்கிகளும் கடைகளும் போயின. பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். நாணயம் ஒன்றாக இருந்தது என்ற நிம்மதியில், மண்ணின் மனநிலை வேறு என்பதைக் கவனிக்கத் தவறியதற்குக் கொடுத்த விலை அது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதிர்ச்சிகள் வந்தன. 1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. முதல்நாள் வரை 100 டாலருக்கு ஏறத்தாழ 155 ரூபாய். மறுநாள் 245 ரூபாய். ஊருக்குப் பணம் அனுப்பியவர் முகம் மலர்ந்தது. ஊரில் ரூபாயாகச் சேமித்து வைத்திருந்தவர் முகம் வாடியது.

அடுத்த ஆண்டு இன்னொன்று. 1967 ஜூன் 12இல் சிங்கப்பூர் சொந்த டாலரை வெளியிட்டது. மக்கள் கையில் பழைய மலாயா நோட்டும் புழங்கிக்கொண்டிருந்தது. நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. சிங்கப்பூர் தன் புதிய நாணயத்தைக் குறைக்கவில்லை. ஆனால் பவுனோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டு, ஒரே இரவில் டாலருக்கு 85 காசு ஆகிவிட்டது. வங்கிக்குப் போகாமல் பானையிலும் தலையணையிலும் சேர்த்து வைத்த ஏழைக்குத்தான் அடி. பினாங்கில் இதை எதிர்த்து நடந்த கடையடைப்பு கலவரமாகி உயிர்களும் போயின. அந்நியச் செலாவணி என்பது பெரிய மனிதர்களின் விவகாரம் என்று நினைப்பவர்கள் இந்த நவம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஷெண்டன் வேயின் புதிய மொழி

1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இடிபட்டன. அதே வட்டாரத்தில் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. இது தற்செயல் அல்ல. 1968இல் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சிங்கப்பூர்க் கிளை மூலம் ஆசிய டாலர் சந்தை தொடங்கியது. 1971இல் நாணய ஆணையம் அமைந்தது. 1978 ஜூனில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் நீங்கின. 2013 முதல் லண்டன், நியூயார்க்குக்கு அடுத்தபடியாக உலகின் மூன்றாவது பெரிய நாணயச் சந்தை சிங்கப்பூர்தான். பன்னாட்டு நிறுவனங்கள் பல, வட்டாரக் கிளைகளின் பணத்தை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கின்றன. இந்தோனேசியக் கிளை கொடுக்க வேண்டியதையும் தாய்லாந்துக் கிளைக்கு வர வேண்டியதையும் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். உண்டியல் செய்த வேலைதான், பெயர் மட்டும் புதியது.

புதிதாகச் சேர்ந்த முக்கியக் கருவி முன்பேர ஒப்பந்தம். ஜூரோங்கில் உள்ள ஒரு நிறுவனம் அமெரிக்காவுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சரக்கு அனுப்புகிறது. பணம் வர மூன்று மாதம். இன்று ஒரு அமெரிக்க டாலர் 1.35 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் அது 1.30 ஆனால் 50,000 வெள்ளி போய்விடும். லாபமே அவ்வளவுதான் என்றால் என்ன செய்வது? வங்கியோடு இன்றே ஒரு விலை பேசி முடித்துக்கொள்ளலாம். பிறகு டாலர் விழுந்தாலும் கவலையில்லை. ஏறினால் கூடுதல் லாபமும் இல்லை. நிம்மதிக்கு விலை அது.

ஆனால் ஒப்பந்தத்தால் மூன்று மாத ஆபத்தைத் தள்ளலாம், முப்பது ஆண்டு ஆபத்தைத் தள்ள முடியாது. அதற்குத் தொழிலையே வேறு விதமாக அமைக்க வேண்டும். சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ஓலாம் நிறுவனத்தின் பிறப்பே இதற்குச் சான்று. நைஜீரியாவில் தொழில் நடத்திய கேவல்ராம் சன்ராய் குழுமத்துக்கு உள்ளூர் நைரா கையில் இருந்தது, இறக்குமதிக்கு வேண்டிய அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை. அதைச் சம்பாதிப்பதற்காகவே 1989இல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். முந்திரி, கொக்கோ, பருத்தி என்று வளர்ந்து பல நாடுகளில் கிளை பரப்பிய ஓலாம் அதுதான். நாணயப் பற்றாக்குறைக்கு மருந்தாக வந்தது, தாயைவிடப் பெரிய பிள்ளையாயிற்று.

காப்பு இல்லாதவர்கள் கதி என்ன என்பதை 1997 காட்டியது. ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து பாட் நாணயத்தை மிதக்க விட்டது. இந்தோனேசிய நிறுவனங்கள் பல, வட்டி குறைவு என்று அமெரிக்க டாலரில் கடன் வாங்கி, ரூபியாவில் சம்பாதித்துக்கொண்டிருந்தன. டாலருக்கு 2,400 ஆக இருந்த ரூபியா, 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டியது. கடன் நான்கு மடங்கு ஆனது. ஒரு ரூபியாகூடப் புதிதாகக் கடன் வாங்காமலே! மார்க்கெட் ஸ்திரீட்டில் பாயில் அமர்ந்திருந்தவர்கள் நூறாண்டுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்த பாடம், சம்பாதிக்கும் நாணயத்திலேயே கடன் வாங்கு என்பது. கோட்டு சூட்டு போட்டவர்கள் அதை மறந்தார்கள்.

யார் தலையில் விழுகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். 2023இல் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ இரண்டும் இணைந்த பிறகு கைபேசியிலேயே பணம் அனுப்பவும் வழி வந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் முதலில் கேட்பது, இன்று என்ன ரேட் என்பதுதான்.

1990இல் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 10 ரூபாய். 2023இல் 60ஐத் தாண்டியது. அனுப்பியவனுக்கு இது யோகம் என்று தோன்றும். அன்று 10,000 வெள்ளியை அனுப்பி, ஒரு லட்சம் ரூபாயாக வட்டியில்லாமல் வைத்திருந்தவர் 2023இல் அதைத் திரும்ப மாற்றினால் 1,700 வெள்ளிகூடத் தேறாது. அதே ஒரு லட்சம் ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் வளர்ந்திருந்தால் 33 ஆண்டுகளில் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல். வெள்ளியாக மாற்றினால் ஏறத்தாழ 21,000. சிங்கப்பூரிலேயே 2 விழுக்காட்டில் வைத்திருந்தால் ஏறத்தாழ 19,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரில் கிடைக்கிற கூடுதல் வட்டி, ரூபாய் விழப்போவதற்கு முன்கூட்டியே தரப்படும் ஈடு. வங்கியின் முன்பேர விலைக்கும் அடிப்படை இந்த வட்டி வித்தியாசம்தான். அது ஆருடம் அல்ல.

அப்படியானால் சாதாரண மனிதர் என்ன செய்வது? ஊரில் செலவழிக்க வேண்டிய பணத்தை ஊருக்கு அனுப்புவது, இங்கே செலவழிக்க வேண்டியதை இங்கே வைப்பது. ரேட் இன்னும் ஏறும் என்று காத்திருந்து பிள்ளையின் கல்லூரிக் கட்டணத் தேதியைத் தவறவிடாமல் இருப்பது. வெள்ளியில் கடன் வாங்கி ஊரில் மனை வாங்கும்போது, விலை ஏறுமா என்று மட்டும் பார்க்காமல், ரூபாய் விழுந்தால் கடன் என்னாகும் என்றும் கேட்பது. சேலையும் நகையும் இறக்குமதி செய்யும் சிறுகடைக்காரர், எந்த நாணயத்தில் கொடுக்க வேண்டும், எந்த நாணயத்தில் வரும் என்று மாதம் ஒருமுறை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்ப்பது.

நாணய ஆபத்து எந்தக் கருவியாலும் மறைவதில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பெரிய நிறுவனம் அதை வங்கிக்குத் தள்ளுகிறது. வங்கி சந்தைக்குத் தள்ளுகிறது. தள்ள இடமில்லாதவன் 1902இல் தோட்டத் தொழிலாளியாக இருந்தான், 1967இல் பானையில் நோட்டு வைத்திருந்தவளாக இருந்தாள். ஆகவே இந்தக் கணக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஷெண்டன் வேயில் இருப்பவர்கள் அல்லர். மாதம் ஒருமுறை சிராங்கூன் சாலையில் வரிசையில் நிற்பவர்கள்தான்.